காயம் ஏதுமில்லை

இந்த ரயில் பெட்டி யாருக்குன்னு வெளிய எழுதியிருந்துச்சே, படிச்சீங்களா தம்பி? மாற்றுத்திறனாளிங்களுக்கு. உங்களுக்குக் கையும் காலும் சரியாத்தான இருக்கு? சர்ட்டிபிகேட் வச்சிருக்கீங்களா? பேரு என்ன, எந்த ஊரு, எங்க போறீங்க? சரி, சரி, உக்காருங்க. மொகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? முப்பத்தஞ்சு வருஷம் போலீஸ்ல இருந்த வாய் இது. ஆளப் பாத்தா கேள்விதான் முதல்ல வரும், வாங்கங்கிறது அப்புறம்தான் வரும். மதுரையில கூட்டம் அப்படி, ஏறிட்டீங்க. யாராச்சும் வந்து கேட்டா நான் பேசிக்கிறேன். எங்கிட்டயும் சர்ட்டிபிகேட் கெடையாது.

மணி என்ன? நாலு அஞ்சா? அப்ப இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு.

எதுக்கா? அஞ்சு மணிக்குள்ள திருச்சியில ஒரு காகிதம் போய்ச் சேரணும். இந்தா, சட்டைப் பையில இருக்கு பாருங்க. இதுல நான் கீழ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா, நாளைக்குக் காலையில டாக்டர் என்னை மறுபடி பாப்பாங்க. பாத்துச் சரின்னுட்டா, நாளை மறுநாள் நான் போட்டியில குண்டு எறியலாம். போடலைன்னா போச்சு. நான் திருச்சியில இருந்து கெளம்பி சாத்தூருக்குப் போயிக்கிட்டு இருக்கேன். ஆனா நேர்ல போய்த்தான் குடுக்கணும்னு இல்ல. போன்ல படம் எடுத்து அனுப்புனாப் போதும். வாங்கிக் குடுக்க அங்க ஒருத்தன் உக்காந்திருக்கான்.

பேனா வேணாம் தம்பி, உள்ள வைங்க. எங்கிட்ட ரெண்டு பேனா இருக்கு. ஸ்டேஷன் ரைட்டரா இருந்தவன் நான். பவுன்ராஜ் ரைட்டர்னா எங்க வட்டாரத்துல தெரியாதவன் இல்ல. ரிட்டயர் ஆகுறப்ப எஸ்.எஸ்.ஐ., ஆனா பயலுக இன்னைக்கும் ரைட்டரய்யான்னுதான் கூப்பிடுவாங்க.

என்ன போட்டின்னு கேளுங்க. டூட்டியில அடிபட்ட போலீஸ்காரங்களுக்குன்னு நடத்துறாங்க. சர்வீஸ்ல இருக்குறவனும் வரலாம், ரிட்டயர் ஆனவனும் வரலாம். கால் போனவன், கை போனவன், கண்ணு போனவன் எல்லாரும் வந்திருக்கான். என்னோடது உக்காந்து எறியறது. இரும்புல ஒரு முக்காலி மாதிரி செஞ்சு, அதைத் தரையோட வாரு போட்டு இறுக்கிக் கட்டிருவாங்க. நம்மள அதுல உக்கார வச்சுத் தொடையையும் சேத்துக் கட்டிருவாங்க. வேலை எல்லாம் இடுப்புக்கு மேலதான். நாலு கிலோ குண்டு. நான் ஒம்பது மீட்டர் எறிஞ்சேன் தம்பி, அறுபத்தோரு வயசுல.

நாலு மாசம் பழகுனேன். கனகரத்தினம்னு ஒரு பி.டி. மாஸ்டர், அவன்தான் கூட்டிட்டுப் போனான். முதல் நாள் என்னை வாரால கட்டுனான் பாருங்க, நெசமாச் சொல்றேன், அழுகை வந்துருச்சு. ஏன்னு அவனுக்கு வெளங்கல. வலிக்குதா, வாரத் தளர்த்தவான்னு கேக்குறான். போடா கோட்டிக்காரா, இன்னும் இறுக்குன்னேன். எனக்கு இடது கால் பன்னெண்டு வருஷமா செத்த கால். நடக்குறப்ப அது எங்க மடங்குமோ, எங்க காட்டிக் குடுக்குமோன்னு ஒரு கண்ணு அது மேலயே இருக்கணும். கட்டிப் போட்டப்புறம் அது பாட்டுக்கு அது கெடக்கு, நான் பாட்டுக்கு நான் எறியறேன். பன்னெண்டு வருஷத்துல அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கால் ஞாபகமே இல்லாம இருந்துச்சு. வீட்டுக்காரி பூரணம் சொன்னா, "இப்பத்தான் மனுசனாட்டம் பேசுறீக"ன்னு.

போன் அடிக்குது. அடிக்கட்டும். யாருன்னு எனக்குத் தெரியும்.

கால் எப்படிப் போச்சுன்னு சொல்லணும்ல. பைபாஸ்ல வண்டிச் சோதனை. பட்டப்பகல், வெயில் மண்டையப் பொளக்குது. ஒருத்தன் லாரிய ரிவர்ஸ் எடுத்தான். லாரிக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவுல நான். எலும்பு கீறல்தான், நரம்பு போச்சு. கூட இருந்தவன் ஏசுவடியான், கான்ஸ்டபிளு. அவன்தான் கத்தி லாரிய நிறுத்தி என்னை இழுத்துப் போட்டான். இழுத்துப் போட்டதும் நான் முதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? "வெளிய ஒரு வார்த்தை போச்சு, தொலைச்சுப்புடுவேன்"னேன்.

ஏன்னா கேக்குறீங்க? நீங்க போலீஸ்ல இருந்ததில்ல. அடிபட்டவனுக்கு ஒரு எடம் இருக்கு தம்பி. துப்பாக்கி வைக்குற ரூமுக்கு வெளிய ஒரு நாற்காலி. காலையில பூட்டத் தெறக்கணும், சாயங்காலம் பூட்டணும். போற வர்ற பயலெல்லாம் "என்ன ஏட்டய்யா, ஒடம்பு தேவலையா"ம்பான். என்னால முடியாது. ஸ்டேஷனுக்கு என்னைத் தூக்கிட்டு வந்தாங்க. அன்னன்னைக்கு நடந்ததை எழுதுற ஜி.டி. நோட்டு இருக்கு, அதை எழுதுறவனே நான்தான். என் கையாலயே எழுதுனேன். வாகனம் உரசியது, தலைமைக் காவலர் பவுன்ராஜுக்குக் காயம் ஏதுமில்லை. எழுதி முடிச்சிட்டுத்தான் மயக்கம் போட்டேன். அப்புறம் மஞ்சக்காமாலைன்னு நாப்பது நாள் லீவு. ஒரு நாட்டு வைத்தியர்கிட்ட ரகசியமாக் கட்டுப் போட்டுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் சர்வீஸ் பாத்தேன். ஒருத்தனுக்கும் தெரியாது. ஷூவுக்குள்ள தோல்ல ஒரு பட்டை செஞ்சு வச்சு, பாதம் தொங்காம இழுத்துக் கட்டிருவேன். முட்டியப் பின்னால தள்ளிப் பூட்டிக்கிட்டா, அது நிக்கும். இடுப்ப ஒரு வெட்டு வெட்டுனா, கால் தானா முன்னால வரும். வருஷா வருஷம் பரேடு போனேன், வருஷா வருஷம் மெடிக்கல் போனேன். எஸ்.பி.யே என் விறைப்பப் பாத்துச் சபாஷ்னு சொல்லியிருக்காரு. ஒருத்தனுக்கும் தெரியாது.

அந்தத் திமிர்தான் இப்ப என்னைக் கவுத்துருச்சு. திமிர்னு சொல்லக் கூடாது, பழக்கம்.

போட்டிக்கு முன்னாடி டாக்டர் பாப்பாங்க. ஒடம்புல எவ்வளவு கொறை இருக்குன்னு பாத்து, எந்த வகுப்புல விடலாம்னு முடிவு பண்ணுவாங்க. கொறை கம்மின்னா விட மாட்டாங்க. நேத்து எனக்கு. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நிகர்னு பேரு, சிரிச்ச மொகம். "எங்க வலிக்குது சார்?"னுச்சு. "வலியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்." அது நான் சொல்லல தம்பி, வாய் சொல்லுது. "நடக்க சிரமமா?" "சிரமமெல்லாம் இல்ல மேடம்." அந்தம்மா என் பாதத்துக்கு அடியில கைய வச்சு, அமுக்குங்கன்னுச்சு. பாதத்துக்கு ஏது உசுரு? இடுப்ப வெட்டி மொத்தக் காலையும் கொண்டுபோய் அமுக்கிட்டேன். பத்தடி நடங்கன்னுச்சு. நடந்தேன், பரேடு நடை. அந்தக் கால்ல மட்டும் நில்லுங்க, முடியிற வரைக்கும்னுச்சு. முட்டியப் பூட்டுனேன், மூச்ச அடக்குனேன், சுவத்துல ஒரு ஆணியப் பாத்துக்கிட்டே நின்னேன். அந்தம்மா எண்ணுது. பத்து, பதினஞ்சு, இருவது. கண்ணுல தண்ணி கட்டிருச்சு. விடலையே. போதும் சார், போதும்னு அந்தம்மாதான் கெஞ்சுச்சு.

வெளிய வந்து மீசைய நீவிக்கிட்டு, கனகரத்தினத்துக்கிட்ட, "இருவது எண்ணுற வரைக்கும் நின்னேன்யா"ன்னேன். அவன் அப்படியே தலையில கைய வச்சு உக்காந்துட்டான். "எதுக்குய்யா நின்னீங்க?"ன்னான். அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு.

சாயங்காலம் பலகையில ஒட்டிட்டாங்க. பவுன்ராஜ், தகுதி இல்லை. போதிய குறைபாடு இல்லை. பன்னெண்டு வருஷமா நான் படுற பாடு பத்தாதாம்! அந்தப் பொண்ணுக்கு அனுபவம் பத்தாது தம்பி, அதச் சொல்லுங்க. ஒரு போலீஸ்காரன் வலிக்கலைன்னு சொன்னா வலிக்குதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம என்ன டாக்டரு?

சரி, அதக்கூட விட்டேன். அதே பலகையில அடுத்த வரியப் பாத்தேன் பாருங்க, எனக்கு எரிஞ்சுது. ஏசுவடியான், தகுதி உண்டு. அந்த ஏசுவடியான்தான், என்னை இழுத்துப் போட்டவன். வீல்சேர்ல வந்திருந்தான், என்னைய மாதிரியே குண்டு எறியறதுக்கு. சிரிச்சுச் சிரிச்சு எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டுக் கெடக்கான்.

அவன் கதையக் கேளுங்க. அவன் அப்பவே ஒரு நோஞ்சான். எப்பப் பாத்தாலும் முதுகு வலிம்பான். ஸ்டேஷன்ல டூட்டி போடுறது ரைட்டர் கையில. "ரைட்டரய்யா, உக்காருற டூட்டியாப் பாத்துப் போடுங்கய்யா, கால் மரத்து மரத்துப் போகுது"ம்பான். எனக்கு மரத்துப் போகலையா? நான் கேட்டனா? ஒருத்தனுக்குப் போட்டா எல்லாப் பயலும் வந்து நிப்பான். ஒருத்திக்கு மூட்டு வலியாம், ஒருத்தனுக்குக் குடலிறக்கமாம். அவ்வளவு பேர் விண்ணப்பத்துலயும் நான் ஒரே வார்த்தைதான் எழுதுவேன், நடிப்புன்னு. நான் ரைட்டரா இருந்த வரைக்கும் எங்க ஸ்டேஷன்ல ஒருத்தனும் லேசான டூட்டி வாங்குனதில்ல. அப்படி ஒரு ஒழுங்கு.

ஆடித் திருவிழா பந்தோபஸ்து வந்துச்சு. மூணு நாள். அவன் ரொம்பக் கெஞ்சுனான்னு கண்காணிப்புக் கோபுரத்துல போட்டேன். நல்ல டூட்டி தம்பி. மேல ஏறிட்டா உக்காந்துக்கலாம், காத்து வரும். மூணாவது நாள் மத்தியானம் ஏணியில ஏறுறப்ப கால் மரத்துப் போச்சாம், விட்டுட்டான். இடுப்புக்குக் கீழ போச்சுன்னாங்க. அது அவன் கவனக்குறைவு. ஏணியப் பிடிச்சு ஏறத் தெரியாதா ஒரு போலீஸ்காரனுக்கு?

இப்ப எனக்கு இல்லாத தகுதி அவனுக்கு உண்டாம். நான் என்ன பண்ணுனேன், ஒரு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டேன். ஏசுவடியான் என்பவர் சர்வீஸ் காலத்திலேயே வலியுள்ளதாக நடிக்கும் வழக்கமுடையவர், மேற்படி நபரை மறுபரிசோதனை செய்ய வேண்டும்னு. எழுத்து தெரியக் கூடாதுன்னு இடது கையால எழுதுனேன். ஆனா மேற்படி, மேற்படின்னு எட்டு எடத்துல எழுதிட்டேன் போல. ஆபீஸ்ல அதை எல்லாருக்கும் காட்டியிருக்காங்க, கனகரத்தினம் படிச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்தான் பாருங்க.

இன்னைக்குக் காலையில ஏசுவடியானை மறுபடி பாத்தாங்க. நான் ஜன்னலுக்கு வெளிய நின்னேன். சும்மாதான், காத்துக்கு. அந்தப் பொண்ணு அவனைக் கண்ண மூடச் சொல்லி, "நான் ஊசியால குத்துவேன், குத்துறப்ப சொல்லுங்க"ன்னுச்சு. சரி மேடம்னு கண்ண மூடிக்கிட்டான். மூடிக்கிட்டு மக காலேஜ்ல சேந்த கதையச் சொல்லிக்கிட்டு இருக்கான். அது பாதத்துல குத்துது, ஆடுசதையில குத்துது, முட்டியில குத்துது. பொட்டுப் பொட்டா ரத்தம். ஏழு எடம், நான் எண்ணுனேன். அவன் கதையெல்லாம் முடிச்சிட்டு, "ஆரம்பிங்க மேடம், நான் ரெடி"ங்குறான்.

அந்தப் பொண்ணு ஊசிய வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிருச்சு.

தண்ணி இருக்கா தம்பி உங்ககிட்ட? குடுங்க.

எனக்கு அங்க நிக்க முடியல. டீக்கடைக்குப் போயி உக்காந்தேன். பின்னாலயே வீல்சேர உருட்டிக்கிட்டு வர்றான் அவன். நான் எந்திரிச்சுப் போகலாம்னு பாத்தேன், கால் மடங்கிக்கிச்சு. "மேற்படி நபர் வந்துட்டேன் ரைட்டரய்யா"ன்னு சிரிக்கிறான். திட்டுனாப் பரவாயில்ல தம்பி. நாலு வார்த்தை அசிங்கமாத் திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும். அவன் மடியில இருந்து இந்தக் காகிதத்த எடுத்து நீட்டுறான். அன்னைக்கு பைபாஸ்ல நடந்ததை முழுசா எழுதியிருக்கான், லாரி வந்தது, நான் மாட்டுனது, அவன் இழுத்தது. சாட்சின்னு போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கான்.

"டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன்யா. அப்பவே அடிபட்டதுக்கு எழுத்துல சாட்சி இருந்தா மறுபடி பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. கீழ நீங்க ஒரு வரி எழுதணும். அன்னைக்குக் காயம் ஏதுமில்லைன்னு நான் எழுதுனது பொய், எனக்குக் காயம் இருந்தது, இருக்குன்னு. அவ்வளவுதான்"னான்.

"உன் மேல மொட்டைக் கடுதாசி போட்டவன்டா நான். எனக்கு எதுக்கு இதெல்லாம்?"னேன்.

அதுக்கு அவன் என்ன சொன்னான்னா... மணி என்ன தம்பி? நாலே முக்காலா. மறுபடியும் அடிக்குது பாருங்க. விடாக்கண்டன். எடுக்க வேணாம், வைங்க.

அவன் சொல்றான், "உங்க கால் போனது ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும் ரைட்டரய்யா"ங்குறான். எல்லாருக்குமாம். வாசல்ல பாரா நின்ன பயல்ல இருந்து கூட்டுற அம்மா வரைக்கும். நான் ஷூவ மாட்டுறப்ப எல்லாரும் வேற பக்கம் பாத்துக்குவாங்களாம். "நீங்களே அந்தக் கால வச்சுக்கிட்டு நிக்கிறீங்க, நாங்க எப்படிய்யா உக்காரணும்னு கேக்குறது? நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வலிக்குதுடான்னு சொல்லியிருந்தா நாங்களும் சொல்லியிருப்போம்யா. அன்னைக்கு ஏணிக்கடியில நின்னு அதான் நெனைச்சேன், ரைட்டரய்யாவே நிக்கிறாருன்னுதான் ஏறுனேன்"ங்குறான்.

இது என்ன பேச்சு, சொல்லுங்க? வலிக்குதுன்னு சொல்லக் கூடாதுன்னு நான் யார்கிட்டயாவது சொன்னனா? அவனவன் வாயி அவனவன்கிட்ட இருந்துச்சு. நான் பாட்டுக்கு நின்னேன், அவ்வளவுதான். நான் நின்னா அவன் ஏன் ஏறணும்?

ஒரு வரிதான் தம்பி, எனக்குத் தெரியும். வாழ்நாள் பூரா எத்தனை ஆயிரம் வரி எழுதியிருப்பேன். திருடுனவன் சொன்னது, குத்துனவன் சொன்னது, செத்தவன் பொண்டாட்டி சொன்னது, எல்லாம் இந்தக் கைதான் எழுதுச்சு. டீக்கடையிலயே பேனாவ எடுத்தேன். எனக்குக் காயம்னு எழுதுனா, அப்ப அவன் வலியும் நெசம்னு ஆகும்ல. அந்தப் பொம்பளப் போலீசோட மூட்டு வலியும் நெசம், குடலிறக்கக்காரனும் நெசம். நடிப்பு, நடிப்புன்னு எழுதுனேனே, அத்தனையும் என்ன ஆகுறது? அந்த ஏணி என்ன ஆகுறது? வெக்கமா இருக்கு தம்பி எனக்கு. குண்டு எறியணும்னு ஆசையாவும் இருக்கு. அந்த முக்காலியில என்னைக் கட்டி உக்கார வச்சாப் போதும்னு இருக்கு. மெடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

பஸ்ஸ்டாண்டுல எழுதிக்கிறேன்டான்னு சொல்லிட்டு வந்தேன். ரயில்வே ஸ்டேஷன்ல எழுதிக்கலாம்னு பாத்தேன். திண்டுக்கல் தாண்டுறப்ப எழுதலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்க ஏறிட்டீங்க.

இல்ல, உங்களைச் சொல்லல. நீங்க பேனாவக் கூட நீட்டுனீங்க.

விருதுநகர் வந்துருச்சு. மணி? நாலு அம்பத்தேழா. அடிக்குது பாருங்க, அடிக்குது. மூணு நிமிஷத்துல என்னதான் பண்ணுவான் அவன்? வீல்சேர உருட்டிக்கிட்டு அந்த ஆபீஸ் வாசல்லதான் நிப்பான், போன காதுல வச்சுக்கிட்டு. டாக்டரம்மாகிட்ட இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க மேடம்னு கெஞ்சுவான். கெஞ்சுறதுக்குப் பொறந்தவன். பாவம்.

தொடாதீங்க தம்பி. எடுத்துராதீங்க. எடுத்தா அவன் எழுதிட்டீங்களாய்யான்னு கேப்பான்.

போன் நின்னுருச்சு. மணி அஞ்சு ஆயிருச்சா? ஆயிருச்சு, எனக்குத் தெரியும். அவ்வளவுதான். இனி அடிக்காது.

இந்தக் காகிதத்தக் கிழிக்கவா வேணாமா? நல்ல எழுத்து அவனுக்கு, பாருங்க. ஒரு எடத்துலயும் அடித்தல் திருத்தல் இல்ல. நான் இழுத்துப் போட்டபோது ரைட்டரய்யா வலியில் அம்மா என்று கத்தினார்னு எழுதியிருக்கான். நான் கத்துனனா? எனக்கு ஞாபகம் இல்ல. கத்தியிருப்பேன் போல.

பூரணத்துக்கிட்ட மழைன்னு போட்டிய நிறுத்திட்டாங்கன்னு சொல்லிக்கிறேன். அவ நம்பிக்குவா. இல்ல, நம்புன மாதிரி இருந்துக்குவா. இப்ப எல்லார் மேலயும் சந்தேகமா இருக்கு.

சாத்தூர் வரப்போகுது. பைய நானே எடுத்துக்குவேன், விடுங்க. கையெல்லாம் பிடிக்க வேணாம் தம்பி, கதவுப் பக்கம் மட்டும் கொஞ்சம் வழி விடுங்க. இங்க வண்டி ஒரு நிமிஷம்தான் நிக்கும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. நான் எறங்கி அந்த மேம்பாலப் படி வரைக்கும் நடந்து போவேன். நீங்க ஜன்னல் வழியா என் காலையே பாருங்க. நீங்க வெளியாளு, உங்களுக்கு ஒண்ணும் இல்ல, உள்ளதச் சொல்லுவீங்க. நான் படிகிட்டப் போயித் திரும்பிப் பாப்பேன். கால் நொண்டுறது தெரியலைன்னா கையக் காட்டுங்க.

தெரிஞ்சாலும் காட்டிருங்க.